தொட்டிலின் பச்சையை உரித்துவிட்டோம், அப்பா

அன்பும் அவசரமும் ஒரே அளவில் கொண்டிருந்த என் அப்பாவுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீங்கள் ஆசை ஆசையாய்ப் பச்சைப் பெயிண்ட் அடித்தீர்களே, அம்மாவின் பலாமரத் தொட்டில், அதை உரித்துவிட்டோம். ஒரு பூச்சு அல்ல, மூன்று பூச்சையும். கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் முழுதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். பாதி கேட்டுவிட்டுக் கிளம்புவது உங்கள் பழக்கம் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

உங்கள் பேத்தி இந்த நிமிடம் அந்தத் தொட்டிலில்தான் கிடந்து கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். ஆமாம் அப்பா, பெண். மூக்கு உங்களுடையது. பெண் பிள்ளைக்கு அந்த மூக்கு வேண்டாமே என்று நான் கும்பிட்டுக் கேட்டேன், பலிக்கவில்லை.

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. ஐப்பசியில் நம் ஊர்ப்பக்கம் மலையாள ராஜ்யத்தை விட்டுப் பிரிந்து, புது மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆயுசு முழுக்கத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று சபையில் எல்லாரும் என்னிடம் வந்து சொன்னார்கள். அதே வாரத்தில்தான் இவளும் பிறந்தாள். தெருவில் வெடி வெடித்தபோது, ‘இது நமக்கா, மாவட்டத்துக்கா?’ என்று உங்கள் மருமகன் கேட்டார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, தொட்டிலுக்கு வருகிறேன்.

நாற்பத்தேழாம் வருடம் நினைவிருக்கிறதா அப்பா? தங்கச்சி அப்போது அம்மா வயிற்றில் இருந்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது. பேறுகாலத்துக்காக அம்மா கருங்கலிலுள்ள தன் அப்பா வீட்டுக்குப் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. நீங்கள் பரணிலிருந்து தொட்டிலை இறக்கித் தூசி தட்டினீர்கள். அது அம்மாவுக்கு அவள் அப்பா செய்வித்துக் கொடுத்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் மராமத்துப் பார்த்த ஆசாரி ஒருவர் செதுக்கியது என்று அம்மா யார் வந்தாலும் சொல்வாள். பக்கவாட்டில் கடைசல் பிடித்த கம்பிகள். தலைப்பலகையில் ஒரு கொடி, கொடியில் திராட்சைக் கொத்து, அதைக் கொத்தித் தின்னும் இரண்டு கிளிகள்.

அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் காணாத கப்பி கீச்சுக் கீச்சென்று கத்தியது. நீங்கள் புறவாசலில் நின்று சத்தமாகக் கேட்டீர்கள்.

“ஏ பிள்ளே, தொட்டிலுக்கு என்ன அடிக்கணும்? ஒனக்கு எது பிடிக்கும்?”

அம்மா திரும்பாமலே என்னவோ சொன்னாள். கப்பிச் சத்தத்தில் கடைசிச் சொற்கள் மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்தன.

“...பச்சையா இருந்தா மதி.”

மதி என்றால் போதும். கருங்கல் பக்கம் பிறந்தவள் வாயில் அந்தச் சொல் வராத நாளே கிடையாது. உங்களுக்கு அது ஒரு தீராத விளையாட்டு. அன்றைக்கும் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினீர்கள். “மதிண்ணா நிலா. மதிண்ணா அறிவு. ஒங்கம்மைக்கு மட்டும் மதிண்ணா போதும். கேட்டியா மக்கா, பச்சை தான் வேணுமாம்!” மதிக்குப் பொருள் சொல்கிற அவசரத்தில் பச்சையை விட்டுவிட்டீர்களே அப்பா. நானும்தான் விட்டுவிட்டேன். எனக்கும் பச்சை என்றே கேட்டது.

அம்மா கிளம்பிப் போன பிறகு நாகர்கோவிலுக்குப் போய் இரண்டு பெரிய டப்பா பெயிண்டோடு வந்தீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு அதே வேலை. ஒரு பூச்சு, காய வைத்து இன்னொரு பூச்சு. கிளியின் இறகு, திராட்சையின் இடுக்கு, கொடியின் சுருள், பிரஷ் போகாத இடத்துக்கெல்லாம் என்னை அனுப்பினீர்கள். “ஒனக்க கை சின்னது, நீ போ.” நானும் பெருமையாகப் போனேன். அம்மா குழந்தையோடு திரும்பி வருவதற்கு முந்தின நாள்தான் மூன்றாம் பூச்சு அடித்து முடித்தோம். உங்கள் மூக்கு நுனியிலும் இடது காதிலும் பச்சை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

அம்மா வண்டியை விட்டு இறங்கினதும் இறங்காததுமாய் அவளைத் தொட்டிலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். “பிடிச்சிருக்கா?” அம்மா தொட்டிலைப் பார்த்தாள். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “கொள்ளாம்” என்றாள்.

நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அது போதாதா உங்களுக்கு? மிச்சமிருந்த பெயிண்டை என்ன செய்தீர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நிலைக்கண்ணாடியின் சட்டம் பச்சை. நாற்காலி நான்கும் பச்சை. அஞ்சறைப்பெட்டி பச்சை. தேங்காய் துருவும் பலகையைக் கூட நீங்கள் விடவில்லை. ஊரில் யாராவது நம் வீட்டுக்கு வழி கேட்டால், ‘பச்சை வாத்தியார் வீடா?’ என்று திருப்பிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. போதாததற்கு ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அம்மாவுக்குப் பச்சைச் சேலை. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்தளிர் கலந்த பச்சை. ஆலயத்தில் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடவே வேண்டாம்.

அந்தத் தொட்டிலில் வளர்ந்த தங்கச்சிக்கு அதில் கிளி இருப்பதே தெரியாது. மூன்று பூச்சில் அலகெல்லாம் மழுங்கி, இறகெல்லாம் மூடி, பச்சையாய் இரண்டு உருண்டை உட்கார்ந்திருந்தன. அவள் அவற்றைத் தவளை என்றே நினைத்தாள். அவற்றுக்குப் பெயரும் வைத்திருந்தாள். நாம் யாரும் திருத்தவில்லை. பார்த்தால் நமக்கே தவளை மாதிரிதானே இருந்தது.

ஆவணியில் நான் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாளே அம்மா ஆரம்பித்தாள்.

“மக்களே, தொட்டில்ல இருக்க பெயிண்டெ எளக்கணும். ஒனக்க பிள்ளை வாறதுக்கு முன்ன.”

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. “அப்பா போயி ஒரு வருசம் ஆகல்ல. அதுக்குள்ள அவிய கைபட்டதெ சொரண்டி எறியணுமா? ஒனக்கு எப்பிடி மனசு வருது?” என்று கத்திவிட்டேன். மூன்று நாள் நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்களே சொல்லுங்கள் அப்பா, நான் வேறு என்ன செய்வேன்? உங்கள் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாயிற்று. சைக்கிளைச் சித்தப்பா கொண்டுபோனார். ஒரே ஒரு போட்டோ, அதிலும் யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நீங்கள் சிரித்தபடி செய்த காரியம் என்று இந்த வீட்டில் மிச்சம் இருந்தது அந்தப் பச்சை ஒன்றுதான். அதுவும் நீங்களும் நானும் சேர்ந்து அடித்தது. அதைச் சுரண்டினால் உங்களையே சுரண்டுவது போல இருக்காதா?

நான்காம் நாள் காலை. அடுக்களையில் அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள். பேசாமலிருந்தும் அலுத்துவிட்டது எனக்கு. “என்ன அரிசி போடணும், பச்சரிசியா புழுங்கலா?” என்று பொதுவாகக் கேட்டேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பச்சரிசிண்ணா அரிசி என்ன நெறத்தில இருக்கும் மக்களே?”

“இது என்ன கேள்வி? வெள்ளையாத்தான் இருக்கும்.”

“பச்சைவெள்ளம்?”

“வெறும் தண்ணி, அதுக்கு ஏது நெறம்?”

“அப்பம் பச்சைத் தொட்டில்ணா?”

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள். “‘ஒண்ணும் அடிக்க வேண்டாம், பச்சையா இருந்தா மதி’ண்ணாக்கும் நான் சொன்னேன். எனக்க அப்பன் தந்த மரம். அதுக்க மஞ்ச நெறம் எனக்குப் போதும். அப்படியே வெறும் மரமா கெடக்கட்டும்ணு சொன்னேன். அப்பனும் மகளும் சேந்து பெயிண்டு டப்பாவெ தூக்கீட்டு வந்திட்டியோ.”

நான் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா. ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உலை பொங்கி அடுப்பு அணைந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

தமிழ் வாத்தியாரே! கரும்பலகையில் ‘பச்சை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சைக் குழந்தை, பச்சைப் பொய் என்று வரிசையாகக் கேட்டு, பதில் தெரியாத பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றினவர் நீங்கள்தானே? உங்களை எந்த பெஞ்சில் ஏற்றுவது? அம்மா சொன்ன ‘கொள்ளாம்’ இருக்கிறதே, அதுதான் அப்பா பச்சைப் பொய்.

சிரித்த பிறகு மறுக்க முடியுமா? சரி, உரிப்போம் என்றேன். ஆனாலும் மனதுக்குள் ஒரு மூலை உம்மென்றுதான் இருந்தது. ஒன்பது வருடம் அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை? அவ்வளவு பயமா உங்களிடம்? நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லையே. அல்லது எனக்குத்தான் உங்களைத் தெரியவில்லையா? பெயிண்டுக்குக் கீழே மரம் வருமோ இல்லையோ, எனக்குப் பிடிக்காத எதுவோ வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

உங்கள் மருமகன் திருநெல்வேலியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தார். கருங்கல் சந்தையில் ஒரு ஆசாரியைப் பிடித்து வழி கேட்டுக்கொண்டார். நீற்றின சுண்ணாம்பும் துணி வெளுக்கிற அலக்குக்காரமும் சேர்த்துக் களி போலக் குழைத்து, கனமாக அப்பி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைக்க வேண்டும். பெயிண்ட் தானாக வெந்து கழன்றுவரும். என்னைக் கிட்டே வரக்கூடாது என்று அம்மா பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். பச்சை நாற்காலிதான்.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மாவும் அவரும் அப்பினார்கள். மத்தியானம் சாக்கை எடுத்தபோது, காய்ச்சின பாலின் ஆடை மாதிரி பச்சை முழுதும் சுருங்கிக் கிடந்தது. தேங்காய்ச் சிரட்டையால் வழித்தால் சுருள் சுருளாக வருகிறது. ஆஹா என்று கத்திவிட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

அந்த முகம் பத்து நிமிடத்தில் வாடிப்போனது. பெயிண்ட் போன இடமெல்லாம் மரம் கறுத்திருந்தது. மஞ்சளும் இல்லை, ஒன்றும் இல்லை, காப்பிக் கசடு மாதிரி ஒரு நிறம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ இன்னும் கறுத்தது. “எனக்க மரம் போச்சே” என்று அம்மா சொன்னதும் உங்கள் மருமகனுக்கு வேர்த்துவிட்டது.

“ஆசாரி பின்ன என்ன சொன்னாரு?” என்றேன்.

“பின்ன என்னமோ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு. பஸ் வந்துட்டு, ஏறிட்டேன்.”

அப்பா, உங்களுக்கென்றே தேடி எடுத்த மாதிரி ஒரு மருமகன்! இன்னொரு பாதி கேட்கிற ஆள்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு திடீரென்று எழுந்து அடுக்களைக்குள் போனாள். “செம்புப் பானை கறுத்தா நான் என்னத்தெ போட்டு தேய்க்கேன்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே, ஒரு சட்டி நிறையப் புளியைக் கரைத்துக் கொண்டுவந்தாள். தலைப்பலகையின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்த்தாள். சுண்ணாம்பின் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாய் விலகி, பழுத்த பலாச்சுளை நிறத்தில் மரம் எட்டிப் பார்த்தது. அம்மா ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் எனக்கு வலி எடுத்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

கழுவி முடித்த பிறகு எனக்கும் அனுமதி கிடைத்தது. தென்னை ஈர்க்கை நறுக்கிக் கொடுத்தார்கள். திராட்சைக்கு நடுவிலும் கொடியின் சுருளிலும் ஒட்டியிருந்ததை நான்தான் குத்தி எடுத்தேன். அன்றைக்கு அடித்ததும் நான், இன்றைக்கு எடுத்ததும் நான். மூன்று நாள் ஆயிற்று. முதல் கிளிக்கு அலகு வந்தது, கண் வந்தது, கழுத்தில் நூல் போல ஒரு வளையம் வந்தது. அந்த ஆசாரி ஒவ்வொரு இறகுக்கும் நடு நரம்பு கீறியிருக்கிறார் அப்பா. பன்னிரண்டு வயதில் என் கண்ணில் அது படவே இல்லை.

கிளிக்குக் கண் வந்த அன்றைக்குத் தங்கச்சி பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வந்து பார்த்தவள் பையைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். “எனக்க தவளை எங்க? ஆரு கொண்டு போனா?” இது கிளிதான், எப்போதும் கிளிதான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். நம்பவில்லை. இன்றைக்கும் அவள் கணக்கில் நாங்கள் இரண்டு தவளைகளைக் கொன்றவர்கள்.

கடைசி நாள் சாயங்காலம் நிழலில் உலர்ந்த தொட்டிலுக்கு அம்மா தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்லக் கேட்டேன். “நீ ஏன் அண்ணைக்கே அப்பாட்ட சொல்லல்ல? ஒரு வார்த்தை சொன்னா அவிய அழிச்சிருப்பாவல்லா?”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு என்ன வேணும்ணு எனக்க வீட்டில ஆரும் கேட்டதில்ல மக்களே. கெட்டிக் குடுக்கப்பமும் கேக்கல்ல. இஞ்ச வந்த பெறகு பதிமூணு வருசம், ஒங்க அப்பாவும் கேக்கல்ல. அண்ணைக்குக் கிணத்தடியில வச்சாக்கும் மொதமொதல்ல ‘ஒனக்கு எது பிடிக்கும்’ணு ஒரு ஆளு கேட்டுது. கேட்டதோட விட்டாவளா, நான் வாறதுக்குள்ள சொன்னதெ செய்தும் வச்சிருக்காவ. மூக்கில பச்சை, காதில பச்சை, பச்சைப் பிள்ளையெ கணக்கா நிக்காவ. நான் இதில்ல கேட்டதுண்ணு சொன்னா, பின்ன ஆயுசுக்கும் என்னட்ட ஒண்ணும் கேக்க மாட்டாவ. அதுக்குப் பயந்தாக்கும் கொள்ளாம்ணு சொன்னேன்.”

“பின்ன கேட்டாவளா?” என்றேன்.

“கேட்டாவ. வருசாவருசம் கிறிஸ்மசுக்கு முன்ன கேட்டாவ. ‘என்ன நெறத்தில சேலை வேணும், பச்சை தானே?’”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், கூடவே அழுதேன். அந்த மூலை உம்மென்று இருந்ததே அப்பா, அது அதோடு போய்விட்டது. உங்களை யாரும் சுரண்டி எறியவில்லை. அம்மாவுக்கு வேண்டியிருந்தது பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. நீங்கள் கேட்டதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை அவள் எந்தப் பெயிண்டும் போட்டு மூடாமல் வைத்திருக்கிறாள்.

போன வாரம் நான் அவளிடம் கேட்டேன். “அம்மா, இந்தக் கிறிஸ்மசுக்கு என்ன நெறத்தில சேலை?” அதோடு நிறுத்திக்கொண்டேன். பின்னால் ஒரு ‘தானே’ சேர்க்கவில்லை. அம்மா யோசிக்கவே இல்லை. “ஊதா. கரை மஞ்ச. அகலக் கரை வேண்டாம்” என்றாள். ஒன்பது வருடமாக நாக்கு நுனியிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல! மற்றச் சாமான்களையும் உரிக்கணுமா என்றும் கேட்டேன். நாற்காலிகளை உரிக்கணுமாம். நிலைக்கண்ணாடி அப்படியே இருக்கட்டுமாம். ஏன் என்றதற்கு முந்தானையால் அதன் சட்டத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டாள். நானும் துருவவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். “அப்பாவுக்கு என்ன எழுதணும், சொல்லு” என்றேன். உங்கள் போட்டோவைப் பார்த்தாள். “அவிய நல்லா கேட்டாவண்ணு எழுது. பதில் தான் கேக்கல்லண்ணும் எழுது” என்றாள். கேட்பது என்ற ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துவிட்டாள் பார்த்தீர்களா? நீங்கள் இருந்திருந்தால் அதை நாளைக்கே கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பீர்கள்.

ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. அம்மாவிடம் இனி நான் கேட்பேன், சின்ன விஷயத்துக்கும் கேட்பேன். உங்கள் பேத்தியிடம் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டேன். தொட்டில் பக்கம் குனிந்து, ‘ஒனக்கு என்ன வேணும் மக்களே?’ என்று தினமும் கேட்கிறேன். இப்போதைக்குப் பால் என்கிறாள். நாளைக்குப் பேச்சு வந்து, படிப்பு வந்து, கல்யாணப் பேச்சும் வருகிறபோது இவள் வேறென்னவோ சொல்வாள். அன்றைக்கு அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
எஸ்தர்